மறு: புது மின் ஸ்மோக்கரில் கோழி கசக்கிறது, தோல் ரப்பராக இழுக்கிறது

கசப்புக்குக் காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: தட்டு நிறைய ஊறவைத்த மரச்சில்லு, ஸ்மோக்கரின் (மரப்புகையில் இறைச்சியை வேகவைக்கும் மின்பெட்டி) மேல் துளையும் மூடியிருந்தது. ஈரச்சில்லு முதலில் நீராவியைத்தான் விடும். பிறகு அரைகுறையாகக் கருகி அடர்த்தியான வெள்ளைப் புகை வரும். வெளியேற வழியில்லாமல் அது தாராக இறைச்சியில் படிகிறது. துளையை முழுக்கத் திறந்து வையுங்கள். காய்ந்த சில்லு அரை கப், முக்கால் மணி கழித்து இன்னொரு அரை கப். கோழிக்கு அது தாராளம். ஆப்பிள் மரம் நல்லது, ஹிக்கரி மரத்தின் புகை கொஞ்சம் தூக்கல்.

சமைக்கும் முன் வெறும் பெட்டியை 135 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் ஓட்டினீர்களா? இல்லையென்றால் இப்போதாவது செய்யுங்கள், கடைசி முக்கால் மணிக்குச் சில்லு போட்டு. தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு அப்போதுதான் போகும்.

தோல் வேறு சிக்கல். 107 டிகிரியில் தோலடிக் கொழுப்பு சரியாக உருகாது. தண்ணீர்த் தட்டின் ஆவியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீர்த் தட்டைக் காலியாக விட்டு, பெட்டியை 135 டிகிரியில் வையுங்கள். தொடைச் சதையில், எலும்பில் படாமல், 74 டிகிரி காட்ட வேண்டும். பெட்டியின் திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் தனி வெப்பமானி வாங்குங்கள். அப்படியும் மொறுமொறுக்காவிட்டால் 220 டிகிரி ஓவனில் 10 நிமிடம்.

மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம், சூடேறும். ஸ்மோக்கரை வீட்டுக்குள் வைக்கவே கூடாது.