கணக்கு சரி, மனசு?

கேள்வி: பி.எஃப். பணம் 8 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்லி மகன் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். கணக்கு சரிதான், கை வரமாட்டேன் என்கிறது. எனக்குப் புத்தி மழுங்கிவிட்டதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: சார், புள்ளியியல் புலி சாவேஜே இதில் சறுக்கியிருக்கிறார். 1952-ல் பாரிஸில் பிரெஞ்சுப் பொருளியலாளர் மோரிஸ் அல்லே அவரிடம் கேட்டார்: 10 கோடி பிராங்க் நிச்சயமாக வேண்டுமா? அல்லது 50 கோடிக்கு 10 சதவீத வாய்ப்பு, 10 கோடிக்கு 89, வெறுங்கைக்கு 1? சாவேஜ் நிச்சயத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்து, 10 கோடிக்கு 11 சதவீதமா, 50 கோடிக்கு 10 சதவீதமா? இப்போது 50 கோடி என்றார்! ஒவ்வொரு பலனின் பயனையும் அதன் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டிப் பார்க்கச் சொல்லும், அவரே ஆதரித்த 'எதிர்பார்ப்புப் பயன்' கோட்பாட்டின்படி இரண்டும் ஒத்துவராது: முதல் கேள்வியில் இரு பக்கமும் பொதுவாக இருக்கும் 89 சதவீத 10 கோடியை எடுத்துவிட்டால், அதுவே இரண்டாம் கேள்வி. பிறகு யோசித்து, தன் விடையைத் திருத்திக்கொண்டார். எனக்கென்னவோ திருத்துவதற்கு முன் சொன்னதுதான் பிடித்திருக்கிறது.

வெறுங்கையாகும் அந்த ஒரு சதவீதம் வெறும் ஒன்றல்ல. 'கைக்கு வந்ததை விட்டோமே' என்று ராத்திரி தூக்கம் கெடுக்கும் ஒன்று. 1982-ல் பொருளியலாளர்கள் லூம்ஸ், சக்டன் இருவரும் இந்த வருத்தத்தையே சூத்திரத்துக்குள் சேர்த்தார்கள்.

மகனிடம் 2 லட்சம் கொடுங்கள். மீதி தபால் ஆபீஸிலேயே இருக்கட்டும். தினமும் என்.ஏ.வி. (ஃபண்டின் ஒரு யூனிட் மதிப்பு) பார்க்க மாட்டேன் என்று வீட்டுக்காரம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் கொடுங்கள்.