‘கம்ப்யூட்டர் வேலை பையன்களுக்குத்தான்’ என்கிறாள் மகள்

கேள்வி: நானும் கணவரும் மென்பொருள் துறையில் இருக்கிறோம். ஆனாலும் 7 வயது மகள், “கம்ப்யூட்டர் வேலை செம போர், அது பையன்களுக்குத்தான்” என்கிறாள். அம்மாவைத் தினமும் பார்க்கிறவளுக்கு இப்படி ஏன் தோன்றுகிறது? வளர வளரச் சரியாகிவிடுமா?

பதில்: தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். 6 முதல் 8 வயதுக்குள் குழந்தைகள் வேலைகளை ஆணுக்கு, பெண்ணுக்கு என்று பிரித்து, தனக்கில்லை என்று தோன்றுவதை மனத்துக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-லேயே எழுதினார். கழித்ததை மறுபடி எடுத்துப் பார்ப்பது அரிது என்பதும் அவர் கருத்து.

அம்மாவைப் பார்க்கிறாள், சரி. அம்மாவின் வேலையைப் பார்க்கிறாளா? டாக்டர் ஊசி போடுவது தெரிகிறது, டீச்சர் பாடம் நடத்துவது தெரிகிறது. நீங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையையே பார்க்கிறீர்கள். கூப்பிட்டால் “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் வா” என்கிறீர்கள். மிச்சத்தைக் கார்ட்டூன்கள் நிரப்பிவிடுகின்றன: இருட்டு அறை, கண்ணாடி போட்ட பையன், தனிமை.

முதலில் ‘கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவரை’ வரையச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். “இவர் என்ன செய்கிறார்? யாருக்காக?” என்று மட்டும் கேளுங்கள். முதல் கேள்விக்கு “டைப் பண்றார்” என்பாள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. நீங்கள் காட்ட வேண்டியது அதைத்தான்.

லிஃப்ட்டை வைத்தே காட்டலாம். “நாம 3-ஆவது மாடியில பட்டன் அழுத்துறோம். அதே நேரம் 8-ஆவது மாடியில ஒருத்தர் அழுத்துறார். லிஃப்ட் முதல்ல எங்க போகணும்?” நம்மிடம்தான் என்பாள். “அது இப்போ 7-ல நிக்குதே?” கொஞ்சம் யோசித்து விதியை மாற்றுவாள். “அவருக்குக் கால் வலின்னா?” மறுபடி மாற்றுவாள். அந்த இடத்தில், “அம்மா ஆபீஸ்ல நாள் முழுக்க கம்ப்யூட்டருக்கு இப்படி விதி யோசிக்கிறதைத்தான் செய்றேன்” என்று சொல்லுங்கள். அன்றைக்கு எது ஓடாமல் நின்றது, யாரோடு பேசி அதைச் சரிசெய்தீர்கள் என்பதையும் இரவில் கதையாகச் சொல்லலாம்.

அப்போலோ விண்கலத்தின் மென்பொருள் குழுவை வழிநடத்திய மார்கரெட் ஹாமில்டனைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இந்த வயதில், இரண்டு வகுப்பு மேலே படிக்கும் ஒரு அக்கா தான் செய்த கேமைக் காட்டுவதுதான் அதிகம் பதியும் என்பது என் எண்ணம்.

பேச்சிலும் கவனம் வேண்டும். ஒரு கணினிச் செயல்பாட்டில் பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு என்று சொன்னதுமே, 8, 9 வயதுச் சிறுமிகளின் ஆர்வம் இறங்கியதை 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. “பையன்னா கம்ப்யூட்டரை விடவே மாட்டான்” என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னாலும் குழந்தை அதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளும்.

கோடிங் வகுப்புக்கு இப்போது அவசரமில்லை. அவளே கேட்டால், 5 முதல் 7 வயதினருக்கென்றே உருவாக்கப்பட்ட இலவசச் செயலியான ஸ்கிராட்ச் ஜூனியர் போதும்; கட்டளைக் கட்டங்களை அடுக்கித் திரையில் ஒரு பூனையை நகர்த்தலாம். டேப்லெட் அவள் கையிலேயே இருக்கட்டும். தப்பாகப் போட்டால் அப்பா வாங்கிச் செய்து காட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து, “இப்போ பூனை ஏன் நின்னுடுச்சு?” என்று கேட்டால் போதும்.