இயற்பியல் கிட் வாங்கும் முன் ஒரு நூல்கண்டும் நான்கு நட்டும் வாங்குங்கள்

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. இயற்பியலைச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வீடியோக்களைப் பார்த்து வீட்டில் சில பரிசோதனைகள் செய்தோம். ஒரு நிமிடம் ‘ஹை’ என்கிறார்கள், அடுத்த நிமிடம் விளையாடப் போய்விடுகிறார்கள். 3,000 ரூபாய்க்கு ஒரு அறிவியல் கிட் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? நான் பி.காம். படித்தவள். ‘ஏன்’ என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

பதில்: கிட் இப்போதைக்கு வேண்டாம். பெரும்பாலான கிட்டுகளில் கடைசியில் என்ன நடக்கும் என்று அட்டையிலேயே படம் போட்டிருக்கும், வீடியோவிலும் அப்படித்தான். விடையை முன்னாலேயே பார்த்துவிட்ட பிள்ளைக்கு அப்புறம் அதில் என்ன இருக்கிறது, ஓடத்தான் செய்யும். செய்வதற்கு முன்னால் ‘என்ன ஆகும்னு நினைக்கிற?’ என்று கேளுங்கள், அவர்கள் சொல்வதை அவர்கள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் போதும், தான் சொன்னது சரியா தப்பா என்று தெரியாமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், இதைப் பல வருடமாகப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஊசலில் தொடங்குங்கள். ஹார்டுவேர் கடையில் ஒரே அளவில் நான்கு இரும்பு நட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கூடவே கொஞ்சம் கெட்டியான நூல். ஒரு ஸ்கேலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்து, ஆடாமல் இருக்க மேலே நான்கு தடிப் புத்தகங்களை அடுக்குங்கள். ஸ்கேல் நுனியில் நூலைக் கட்டி, கீழே ஒரு நட்டு. கட்டிய முடிச்சிலிருந்து நட்டின் நடுவரை சரியாக 25 செ.மீ. இருக்கட்டும். நட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளாமல் விட்டுவிட்டு, போய் வருவதை ஒரு ஆட்டமாகக் கணக்கு வைத்து, பத்து ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று போன் ஸ்டாப்வாட்சில் பார்க்க வேண்டும். தங்கை எண்ணட்டும், அண்ணன் நேரம் பார்க்கட்டும்.

இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரு தப்புச் செய்வார்கள். நட்டை விட்ட உடனே ‘ஒன்று’ என்று எண்ணுவார்கள், அதனால் பத்து என்று சொல்லும்போது உண்மையில் ஒன்பது ஆட்டம்தான் முடிந்திருக்கும், விடையும் 10 விநாடிக்குப் பதிலாக 9 என்று வரும். விடும்போது ‘பூஜ்யம்’, போய்த் திரும்பி வந்தால் ‘ஒன்று’. இதை முதலிலேயே சொல்லிக்கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணி வேறு வேறு விடை வந்து சண்டை போடட்டும், ஏன் வித்தியாசம் என்று அவர்களே தேடட்டும். அளவு எடுப்பது என்றால் என்ன என்பது அந்தச் சண்டையில் புரிகிற மாதிரி வேறெதிலும் புரியாது.

சரி, இப்போது கேள்வி: இரண்டு நட்டு கட்டினால் வேகமாக ஆடுமா, மெதுவாகவா? பத்தில் ஒன்பது பிள்ளைகள் ‘வெயிட்டா இருந்தா வேகம்’ என்றுதான் எழுதுவார்கள். இரண்டையும் ஒரே முடிச்சில் சேர்த்துக் கட்டுங்கள் (ஒன்றுக்குக் கீழே இன்னொன்று தொங்கினால் நீளம் மாறிவிடும்). அதே 10 விநாடிதான் வரும். நான்கு நட்டுக்கும் அதேதான். நம்பாமல் திரும்பத் திரும்பச் செய்வார்கள், செய்யட்டும். ‘ஏன்’ என்று கேட்டால் உங்களுக்கான பதில் இது: கனமானதைப் பூமி அதிகமாக இழுக்கிறது, ஆனால் கனமானதை அசைப்பதும் அதே அளவுக்குக் கடினம், இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகிறது.

அப்புறம் மகனிடம் மட்டும், ‘பத்து ஆட்டத்துக்கு 20 விநாடி ஆகணும்னா நூல் எவ்வளவு நீளம் வேணும்?’ என்று கேளுங்கள். இரண்டு மடங்கு நேரம் என்றால் இரண்டு மடங்கு நூல் என்று 50 செ.மீ. கட்டுவான், 14 விநாடி சுமாருக்குத்தான் வரும். அந்த இடத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும். 75 கட்டிப் பார்ப்பான் (இனி மேசை உயரம் போதாது, கதவு நிலையில் ஆணி இருந்தால் அதில் கட்டுங்கள்), 17-க்கு மேல் கொஞ்சம் வரும். 1 மீட்டரில் 20 வந்து நிற்கும். நான்கு மடங்கு நீளத்துக்கு இரண்டு மடங்கு நேரம் என்பதை அவனே கண்டுபிடித்துவிட்டால், வர்க்கமூலம் என்ற சொல் வகுப்பில் பின்னால் வரும்போது அது அவனுக்குப் பழைய சிநேகிதம்.

அடுத்த வாரம் முட்டை. நல்ல தண்ணீரில் புது முட்டை மூழ்கும். உப்பை ஒவ்வொரு கரண்டியாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எழும்பி மிதக்கும். எத்தனையாவது கரண்டியில் என்பதை முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள். இது வெறும் வேடிக்கை இல்லை, நம் ஊர் விவசாயிகள் விதைநெல் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். முட்டை மிதந்து, அதன் மேல்பகுதி பழைய 25 பைசா அளவுக்கு வெளியே தெரிகிறவரை தண்ணீரில் உப்புக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், கனத்த விதை அடியில் தங்கும். மிதப்பதை நீக்கிவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைப்பார்கள். தாத்தா வீட்டில் நெல் இருந்தால் ஒரு கைப்பிடி வாங்கி வந்து செய்துவிடுங்கள். காரணம் எளிது: முட்டை தன் அளவுக்குத் தண்ணீரை விலக்குகிறது, அந்த அளவு தண்ணீர் முட்டையைவிடக் கனமாகிவிட்டால் முட்டை மேலே வந்துவிடும்.

மூன்றாம் வகுப்புக்கு இன்னும் எளிதாக வேண்டுமென்றால், கதவைக் கைப்பிடிப் பக்கம் ஒரு விரலால் தள்ளச் சொல்லுங்கள், பிறகு கீல் பக்கம். நெம்புகோல் பாடம் அதிலேயே இருக்கிறது.

பதில் தெரியாதே என்று கவலைப்படுகிறீர்கள். பதில் ‘தெரிந்தவர்கள்’ தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி தம்ளரைக் கவிழ்த்தால் தீ அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று பலரும் சொல்வார்கள். தீ அணையும்போது உள்ளே ஆக்சிஜன் இன்னும் நிறையவே மிச்சம் இருக்கும். சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறிவிடுகிறது, அணைந்த பிறகு மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குவதால்தான் பெரும்பாலும் தண்ணீர் ஏறுகிறது. நீங்களே சோதிக்கலாம்: அதே தம்ளரை மூன்று மெழுகுவர்த்திகள் மேல் கவிழ்த்தால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் எத்தனை மெழுகுவர்த்தி வைத்தாலும் ஒரே உயரம்தானே வரவேண்டும்? ‘எனக்கும் தெரியல, செஞ்சு பார்ப்போமா’ என்று பிள்ளையிடம் சொல்ல முடிந்த அம்மாவுக்கு இது கைவரும்.

தீ வைக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், மகளின் தலைமுடியைக் கட்டிவிடுங்கள். மின்சாரத்துக்கு வரும்போது 1.5 வோல்ட் செல்லும் சின்ன டார்ச் பல்பும் போதும், சுவர் பிளக் பக்கமே போகக் கூடாது. பட்டன் செல்லை வீட்டில் எடுக்கவே வேண்டாம், விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.