வளர்ந்தவர்கள் மாடல் கார்களைச் சேகரிப்பதில் அப்படி என்ன இருக்கிறது, புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

கேள்வி இரண்டு பகுதிகளாக இருக்கிறது. கைக்குள் அடங்கும் கார்களை வளர்ந்தவர்கள் தேடித் தேடி வாங்குவதில் என்ன இன்பம் இருக்கிறது என்பது ஒன்று. ஆர்வம் வந்துவிட்ட ஒருவர் எப்படித் தொடங்க வேண்டும் என்பது மற்றொன்று. நான் நெடுநாளாக இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவன். ஒரு காரின் வடிவத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இதன் உயிர் என்பதும், வாங்குவது, அடுக்குவது, பரிமாறுவது எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை என்பதும் என் உறுதியான எண்ணம். பதிலும் அந்த வழியில்தான் போகும்.

முதலில் அளவு விகிதத்தைப் பார்ப்போம். 1:18 என்றால் உண்மையான காரின் நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. நாலரை மீட்டர் நீளமுள்ள ஒரு கார் 1:18-ல் 25 சென்டிமீட்டராகவும், 1:43-ல் ஏறத்தாழ பத்தரை சென்டிமீட்டராகவும், 1:64-ல் 7 சென்டிமீட்டராகவும் வரும். இவற்றில் 43 என்ற விந்தையான எண் ரயிலிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஓ கேஜ் எனப்படும் அளவிலான மாடல் ரயில்களை ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்ற கணக்கில் செய்தார்கள். லிவர்பூலில் இருந்த ஃப்ராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம், அந்த ரயில்பாதைகளின் ஓரத்தில் நிறுத்திவைப்பதற்காகச் சிறிய வண்டிகளை வார்த்தது. 1934-ல் அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்ற பெயர் வந்தது. ரயிலுக்குத் துணையாகப் பிறந்த அந்த அளவுதான் பிற்காலத்தில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களின் முதன்மை அளவாக நிலைபெற்றது.

ஆனால், சுருக்குவது வெறும் வகுத்தல் கணக்கு என்று எண்ணினால் மாடல் கார் பிடிபடாது. உண்மையான காரில் கதவுக்கும் உடலுக்கும் இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:43-ல் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெயிண்ட் ஒரு பூச்சு ஏறியதுமே அந்தக் கோடு மூடிக்கொள்ளும். ஆகவே வார்ப்பச்சைச் செதுக்குபவர் அதைத் தெரிந்தே அகலமாகவும் ஆழமாகவும் வெட்டுகிறார். பெயிண்டிலும் இதே சிக்கல்தான். 1:64 காரின் மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பெயிண்ட் ஏறினால், அது உண்மையான காரின் மேல் ஆறு மில்லிமீட்டருக்கும் அதிகமாகச் சுண்ணாம்புச் சாந்தை அப்பியதற்குச் சமம். தகட்டின் கூர்மையான மடிப்புகள் எல்லாம் மழுங்கிப்போகும். மெட்டாலிக் பெயிண்டில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள் உண்மையான காரில் தனியாகத் தெரிவதில்லை, மினுக்கம் மட்டும் தெரிகிறது. அதே பெயிண்டைச் சிறிய காரில் அடித்தால், ஒவ்வொரு துகளும் தனித்தனியாகக் கண்ணை உறுத்தும். எதைக் கணக்குப்படி சுருக்குவது, எதைக் கொஞ்சம் மிகைப்படுத்துவது, எதை முழுவதுமாக விட்டுவிடுவது என்று தீர்மானிப்பவரின் ரசனைதான் மாடலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தீர்மானங்களைக் கண்டுபிடிப்பதே எனக்கு இதில் கிடைக்கும் முதல் மகிழ்ச்சி.

அதனால் ஒரு மாடல் கைக்கு வந்தால், கதவு திறக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பதில்லை. அதை மேசையின் விளிம்பில் வைத்துவிட்டு, அந்த அளவில் ஒரு மனிதன் பக்கத்தில் நின்றால் அவன் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு என் கண்ணைக் கொண்டுவருவேன். மேலிருந்து பார்த்தால் எல்லா மாடலும் பொம்மையாகத்தான் தெரியும். கீழே இறங்கிப் பார்க்கும்போதுதான் நல்லதும் சுமாரானதும் பிரியும். முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் சாய்ந்திருக்கும் கோணம், கூரை பின்பக்கம் இறங்கும் வளைவு, டயருக்கும் அதன் மேலுள்ள சக்கர வளைவுக்கும் நடுவே விட்டிருக்கும் இடம் ஆகிய மூன்றும் சரியாக இருந்தால் பாக்கிக் குறைகளைக் கண் மன்னித்துவிடும். போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கூரை வளைவு அரை மில்லிமீட்டர் முன்னதாகவே இறங்கத் தொடங்கிவிட்டால், எழுத்துகளை எவ்வளவு துல்லியமாக அச்சிட்டிருந்தாலும் அது வேறொரு காராகிவிடும்.

பலருடைய சேகரிப்பு தொடங்குவது மூன்று அங்குலக் கார்களில் என்பதால் அவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். லண்டனில் 1947-ல் தொடங்கப்பட்ட லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடல், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே தன் மகளின் பள்ளியில் அனுமதிக்கிறார்கள் என்பதால் அவளுக்காகச் சின்னஞ்சிறு சாலை உருளை ஒன்றைச் செய்து கொடுத்தார் என்பார்கள். 1953-ல் மேட்ச்பாக்ஸ் வரிசை அப்படித்தான் பிறந்தது. பெட்டியின் அளவு மாறாது, வண்டிதான் பெட்டிக்கு ஏற்பச் சுருங்கும் என்பதால், இந்த வரிசைகளில் பேருந்தும் காரும் ஒரே நீளத்தில் இருக்கும். ஆகவே இவற்றையெல்லாம் 1:64 என்று பொதுவாக அழைப்பது வசதிக்காகவே தவிர உண்மை அல்ல. 1968-ல் மேட்டல் நிறுவனம் 16 கார்களோடு ஹாட் வீல்ஸைக் கொண்டுவந்தது. மெல்லிய கம்பியாலான ஆக்சில், உராய்வு குறைந்த சக்கரம், மினுமினுக்கும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயிண்ட் ஆகியவற்றோடு வந்த அந்தக் கார்கள் தரையில் ஓடிய வேகத்தைப் பார்த்து, மேட்ச்பாக்ஸும் மறு ஆண்டே சூப்பர்ஃபாஸ்ட் என்ற வேகச் சக்கரங்களுக்கு மாற வேண்டியிருந்தது. ஜப்பானில் டோமிகா என்ற சிறிய கார் வரிசை 1970-ல் வந்தது. அதன் சீரான முடிப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெரிய அளவுகளில் இரண்டு வகைப் பொருள்கள் உண்டு. டை-காஸ்ட் என்பது துத்தநாகக் கலவையை உருக்கி எஃகு அச்சில் அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது. அச்சு செய்யப் பெருஞ்செலவு ஆகும், ஆனால் ஒரே அச்சில் பல்லாயிரம் கார்களை வார்க்கலாம். ரெசின் எனப்படும் இறுகும் பிசினால் செய்யும் மாடல்களுக்கு சிலிக்கோன் அச்சு போதும்; அது சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் குறைந்த எண்ணிக்கையில்தான் செய்ய முடியும். அதனால்தான் ஒரே ஒரு பந்தயத்தில் ஓடி மறைந்துபோன கார்கள்கூட இன்று ரெசினில் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவற்றின் கதவு திறக்காது, ஆனால் கோடுகள் கூர்மையாக இருக்கும். திறக்கும் கதவுக்காக வடிவத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதால், 1:43-ல் எனக்கு ரெசினே பிடிக்கும். 1:18-ல் என் மனம் மாறிவிடுகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களைக் கையால் கோத்துச் செய்யப்பட்ட, சி.எம்.சி. என்ற ஜெர்மன் நிறுவனத்தின் மாடல்களில் பானெட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

துத்தநாகத்தைப் பற்றிப் பேசும்போது ஜிங்க் பெஸ்ட் எனப்படும் நோயைச் சொல்லாமல் விட முடியாது. வார்க்கும் கலவையில் ஈயம் போன்ற மாசு மிகச் சிறிதளவு கலந்திருந்தால்கூட, உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்ல வார்ப்பு உப்பும், விரியும், கடைசியில் தொட்டால் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி கார்களில் ஏராளமானவை இப்படித்தான் அழிந்தன. பெட்டியைத் திறக்காமல் பத்திரமாக வைத்திருந்த காரும் தப்புவதில்லை, ஏனென்றால் குறை வார்த்த நாளிலேயே உள்ளே புகுந்துவிட்டது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-ல் உருவாக்கிய ஜமாக் கலவைகள், ஏறத்தாழ 4 சதவீத அலுமினியத்தோடு மிகத் தூய்மையான துத்தநாகத்தையும் கட்டாயமாக்கிய பிறகே இதற்கு ஒரு வழி பிறந்தது. பக்கத்தில் இருக்கும் கார்களுக்கு இது தொற்றாது. ஆனால் வந்துவிட்டால் மருந்து கிடையாது. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். பழைய மாடல் ஒன்றை வாங்கும்போது பெயிண்டில் சிலந்தி வலையைப் போல விரிசல் ஓடுகிறதா, அடித்தகடு வளைந்து உடலோடு பொருந்தாமல் நிற்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

இந்த அறிவெல்லாம் பெரும்பாலும் சேகரிப்பாளர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதுதான். சேகரிப்பாளர்கள் கூடிக் கார்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு ஸ்வாப் மீட்டில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மூத்த சேகரிப்பாளரிடம் பழைய மேட்ச்பாக்ஸ் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். அவர் காரை உடனே கவிழ்ப்பார். ஆக்சிலின் நுனி நசுக்கப்பட்டிருக்கிறதா, உருண்டையாக முடிந்திருக்கிறதா என்பதைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். நசுக்கிய நுனி முந்தையது, உருண்டை பிந்தையது. பிறகு சக்கரம் உலோகமா பிளாஸ்டிக்கா, சாம்பல் நிறமா கறுப்பா என்று பார்த்துவிட்டு, எந்தக் காலத்து வார்ப்பு என்று சொல்வார். ஹாட் வீல்ஸின் அடியில் இருக்கும் ஆண்டு, அந்த வடிவம் பதிவான ஆண்டே தவிர உங்கள் கையில் இருக்கும் கார் உற்பத்தியான ஆண்டு அல்ல என்பதையும் இப்படி ஒருவர்தான் எனக்குச் சொன்னார். போலிகளைக் கண்டுபிடிப்பதும் அந்தக் கண்கள்தான். உடலையும் அடித்தகட்டையும் இணைக்கும் தொழிற்சாலை ரிவெட்டின் தலை ஒரே சீராகப் பரவியிருக்கும். துளையிட்டுக் கழற்றி, சக்கரத்தை மாற்றி, மறுபடி ஒட்டியதாக இருந்தால் ரிவெட்டைச் சுற்றி அதன் தடம் நிற்கும்.

மாற்றுவது குற்றமல்ல, அதை மறைத்து விற்பதுதான் குற்றம். இதற்காகவே சேகரிப்பாளர்களிடம் ஒரு நேர்மையான வகைப்பாடு இருக்கிறது: தயாரிப்பாளர் செய்தபடியே இருப்பது கோட் 1, தயாரிப்பாளரின் அனுமதியோடு பிறர் மாற்றியது கோட் 2, அனுமதியின்றி மாற்றியது கோட் 3. கோட் 3-ல் கைதேர்ந்த கஸ்டம் கலைஞர்கள், சாதாரண மூன்று அங்குலக் காரைப் பிரித்து, பெயிண்டை உரித்து, ரப்பர் டயர் மாட்டி, டீக்கால் எனப்படும் மெல்லிய ஒட்டுப்படங்களை ஒட்டி அதற்கு இரண்டாம் பிறப்பு கொடுக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன்.

இந்தச் சமூகத்தை உள்ளிருந்து அரிப்பது வேறொன்று. 1995 முதல் ஹாட் வீல்ஸ் கடைகளுக்குப் போகும் தன் பெட்டிகளுக்குள் ட்ரெஷர் ஹன்ட் என்ற அரிய கார்களைக் கலந்து அனுப்புகிறது. சூப்பர் ட்ரெஷர் ஹன்ட் எனப்படுபவை ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயிண்டும் ரப்பர் டயரும் கொண்டு தனித்து நிற்கும். மற்றபடி அவை சாதாரணக் கார்களின் விலைக்கே கடையில் தொங்குகின்றன, ஒரு சிறுவனின் கைக்கும் அகப்படலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் அழகு. கடை திறந்ததும் பெட்டியோடு கவிழ்த்து, அவற்றை மட்டும் பொறுக்கி, அன்று மாலையே பல மடங்கு விலைக்கு விற்பவர்கள் அந்த அழகைத் திருடுகிறார்கள். அவர்களிடம் வாங்காமல் இருப்பது ஒவ்வொரு சேகரிப்பாளரின் கடமை என்றே கருதுகிறேன்.

மேலும் மேலும் வாங்காமலே கார்களை ரசிக்க முடியும் என்பதற்குப் புகைப்படம் எடுப்பவர்கள் சான்று. அமெரிக்கரான மைக்கேல் பால் ஸ்மித், 1:24 கார்களையும் தானே செய்த கட்டடங்களையும் வெளியே ஒரு மேசையில் வைத்து, தொலைவில் நிற்கும் உண்மையான மரங்களும் வீடுகளும் பின்னணியில் சரியாகப் பொருந்தும்படி கோணம் பார்த்துப் படமெடுத்து, எல்ஜின் பார்க் என்ற கற்பனை ஊரையே உருவாக்கினார். கணினியில் வெட்டி ஒட்டாமல், விலையுயர்ந்த கேமராவும் இல்லாமல் அவர் அதைச் சாதித்தார். நீங்கள் முயன்றால், கேமராவை மாடலின் கதவுக் கைப்பிடி உயரத்துக்கு இறக்குங்கள், வெயிலை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தொடங்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஓர் அளவையும் ஒரு கருப்பொருளையும் தேர்ந்தெடுங்கள்: ஒரே நிறுவனத்தின் கார்கள், ஒரே பந்தயத்தில் வென்றவை, நீங்கள் பிறந்த பத்தாண்டின் கார்கள், எதுவாக இருந்தாலும் சரி. லெபனானின் நபில் கரம் 2016-ல் 37,777 மாடல்களோடு கின்னஸ் சாதனை படைத்தார். அது அவருடைய பாதை, எல்லாரும் அந்த எண்ணிக்கையைத் துரத்த வேண்டியதில்லை. ‘லிமிடெட் எடிஷன்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து முதலீடாக வாங்காதீர்கள். நேர் வெயில் படும் அலமாரியைத் தவிருங்கள். சிவப்பும் டீக்கால்களும் முதலில் வெளுக்கும். மென்மையான டயர்களிலிருந்து கசியும் பொருள் கீழே உள்ள பிளாஸ்டிக் தளத்தை இளக்கி ஒட்டிக்கொள்ளும் என்பதால், நீண்ட நாள் வைக்கும் காரைச் சக்கரம் தளத்தில் படாமல் அடித்தகட்டுக்குக் கீழே ஏதேனும் முட்டுக் கொடுத்து நிறுத்துவது நல்லது. ஃபோமும் பெயிண்டும் மாதக்கணக்கில் உரசிக்கொண்டிருக்கக் கூடாது. தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள்; ரெசின் மாடலைத் தூக்கும்போது பக்கக் கண்ணாடிகளையும் வைப்பரையும் தொடாமல் அடிப்பகுதியைப் பிடித்து எடுங்கள்.

பக்கத்தில் சேகரிப்பாளர் சந்திப்பு நடந்தால் முதல் முறை எதையும் வாங்கும் எண்ணமில்லாமல் போங்கள். உங்களிடம் இருப்பதிலேயே உங்களுக்கு மிகவும் பிடித்த காரைக் கொண்டுபோய், அது எந்த வார்ப்பு, எந்தச் சக்கரம் என்று கேளுங்கள். விலையை விசாரிப்பது அதன் பிறகு இருக்கட்டும். பரிமாறிக்கொள்ளும் காரில் கீறலோ, மாற்றிய பாகமோ இருந்தால் எதிரில் இருப்பவர் கண்டுபிடிப்பதற்கு முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள். சந்திப்புகளில் யாரோடு பரிமாறலாம் என்பதை எல்லாரும் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.