டிஸ்க் போட்டால் டிரெய்லர் நிற்குமா? லாரி பிரேக் கேள்வி–பதில்

கேள்வி: சார், டிஸ்க் பிரேக் வண்டி டிரம் வண்டியைவிட எவ்வளவு சீக்கிரம் நிற்கும்? (சங்ககிரி)

முதல் மிதியில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒழுங்காகப் பராமரித்த டிரம், டயரின் பிடிப்பு எல்லை வரைக்கும் பிடித்துவிடும். அதற்கு மேல் டயரும் ரோடும்தான் தீர்மானிக்கும். அமெரிக்காவில் 2009-ல் சட்டத்தை இறுக்கினார்கள். லோடுடன் 60 மைல் வேகத்தில் வரும் வண்டி அதுவரை 355 அடிக்குள் நின்றால் போதும் என்றிருந்ததை, பெரும்பாலான டிராக்டர்களுக்கு (டிரெய்லரை இழுக்கும் முன் வண்டிக்கு) 250 அடியாகக் குறைத்தார்கள். பல வண்டிகள் முன் அச்சில் பெரிய டிரம்மைப் போட்டே அதில் தேறிவிட்டன.

வித்தியாசம் பத்தாவது மிதியில்தான் தெரியும். சூடேறினால் டிரம் விரிந்து, உள்ளே உரசும் லைனரை விட்டு விலகும். ஏர் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் சேம்பர் ராடு அந்த இடைவெளியையும் சேர்த்துத் தள்ளவேண்டும். அது தள்ளுகிற தூரத்துக்கோ ஒரு அளவு உண்டு. டிஸ்க் சூடேறினால் தடித்து, இரு பக்கமும் அதை நெரிக்கும் பேடை நோக்கித்தான் வரும். மலையில் பாதி இறங்கிய பிறகும் மிதி மாறாது. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு அதற்குத்தான். 1996-ல் வந்த மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸில் எல்லா சக்கரத்துக்கும் டிஸ்க். அதன் பின் ஐரோப்பாவில் டிரம் மெல்ல மெல்ல ஒதுங்கிவிட்டது.

கேள்வி: என் பழைய 12 சக்கர வண்டியில் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போட முடியுமா? (கரூர்)

வேண்டாம். ஹப், அச்சின் பிளேஞ்ச், சேம்பர், சில நேரம் ரிம் வரைக்கும் எல்லாமே மாறும். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கும் பதில் சொல்லவேண்டி வரும். அந்தக் காசில் நாலு அச்சுக்கும் நல்ல லைனர், கேம் (லைனரை விரிக்கும் தண்டு) புஷ், ஹப் சீல் மாற்றுங்கள்.

கேள்வி: பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்? உடனே பதில் தேவை.

என்ன வண்டி, எத்தனை சக்கரம், டிஸ்க்கா டிரம்மா, லோடிலா காலியாகவா, மிதித்தால் எந்தப் பக்கம் இழுக்கிறது, ஏர் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது? இதில் ஒன்றையும் எழுதாமல் "உடனே" என்றால் நான் என்ன ஜோசியமா பார்ப்பது? வண்டியை ஓரம் கட்டுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

கேள்வி: புது டிராக்டர், முன்னும் பின்னும் டிஸ்க். டிரெய்லர் பத்து வருடப் பழசு, டிரம். டிராக்டர் பேட் சொன்ன கிலோமீட்டரில் பாதிகூட வரவில்லை. பேட் டூப்ளிகேட்டா? (நாமக்கல்)

பேடை விடுங்கள், டிரெய்லரைப் பாருங்கள். அது பிடிக்கவில்லை. மொத்த எடையையும் டிராக்டர் நிறுத்திக்கொண்டிருக்கிறது. டிஸ்க் நன்றாகப் பிடிப்பதால் உங்களுக்கு அது தெரியவில்லை. முன்பு டிரம் டிராக்டராக இருந்தபோது மிதி பலவீனமானதும் டிரைவர் கத்தியிருப்பார். இப்போது பேட் சத்தமில்லாமல் தேய்கிறது, ரோட்டாரில், அதாவது டிஸ்க் தட்டில், வெடிப்பு விழுகிறது.

ஒரு டெம்பரேச்சர் கன் வாங்குங்கள். கோவிட் நேரத்தில் நெற்றியில் காட்டியது உதவாது; 400 டிகிரி வரை காட்டும் ஒர்க்‌ஷாப் வகை வேண்டும். லோடுடன் ஏழெட்டு தடவை நன்றாக பிரேக் போட்டு ஓட்டிவிட்டு, வண்டியை நிறுத்திக் கட்டை வைத்து, ஒவ்வொரு டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் நேராகக் கன்னைக் காட்டிப் பாருங்கள். எது சில்லென்று இருக்கிறதோ அது வேலை செய்யாத சோம்பேறி. டிராக்டர் 200 டிகிரி, டிரெய்லர் 60 டிகிரி என்று வந்தால் என்னிடம் கேட்கவே வேண்டாம். டிரெய்லர் ஏர் டேங்கில் தண்ணீர் இறக்கி எத்தனை நாளாயிற்று என்பதையும் பாருங்கள்.

கேள்வி: அண்ணே, எங்கள் வண்டியில் ஆட்டோ ஸ்லாக். ஆனாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை டிரைவர் ஸ்பேனர் போட்டு பிரேக் டைட் வைக்கிறார். வைத்ததும் பிரேக் நன்றாக இருக்கிறது. இது நல்ல பழக்கம்தானே? (திருச்செங்கோடு)

இல்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

ஸ்லாக் என்பது சேம்பர் ராடையும் கேமையும் இணைக்கும் கை. லைனர் தேயத் தேயத் தானாக இடைவெளியைச் சரிசெய்துகொள்ளத்தான் ஆட்டோ ஸ்லாக்கை வைத்திருக்கிறார்கள். பதினைந்து நாளில் தளர்ந்துபோகிறது என்றால் அது செத்துவிட்டது, அல்லது அதற்கு அக்கம்பக்கத்தில் ஏதோ கெட்டிருக்கிறது. டிரைவர் டைட் வைத்ததும் இரண்டு நாள் பிரேக் நன்றாக இருக்கும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். மூன்றாவது வாரம் வண்டி மலையில் இருக்கும்.

உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்றும் கிளட்ச் இருக்கிறது. ஸ்பேனரால் தளர்த்தும் பக்கம் திருப்பும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும், கைக்கும் கனமாக இருக்கும். அது கிளட்ச் தேய்கிற சத்தம். புது லைனர் போடும்போது ஒருமுறை திருப்பலாம், அது தேவை. வாராவாரம் திருப்பினால் நல்ல ஸ்லாக்கும் கெடும்.

2003-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் கிளென் ராக்கில் ஒரு டம்பர் லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கிக் கார்கள்மேல் மோதியது. அதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதே பழக்கத்தைத்தான் சுட்டிக்காட்டியது: ஆட்டோ ஸ்லாக்கைக் கையால் சரிசெய்வது உள்ளே இருக்கும் கோளாறை மறைத்துவிடும்.

சரி, என்ன செய்வது? சமதளத்தில் நிறுத்தி, கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். இன்ஜினை அணைத்து ஏரை 6 கிலோ சுமாரில் வையுங்கள். சேம்பரை விட்டு ராடு வெளியே வரும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கவேண்டும். சாதாரண 30 நம்பர் சேம்பருக்கு ராடின் மொத்த ஓட்டமே இரண்டரை அங்குலம். இரண்டு அங்குலத்தைத் தொட்டுவிட்டால் காரணத்தைத் தேடுங்கள். ராடையும் ஸ்லாக்கையும் சேர்க்கும் கிளெவிஸ் பின்னின் ஓட்டை நீண்டுபோயிருக்கும், கேம் புஷ் ஆடும், ஸ்லாக்கின் கண்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட் வளைந்திருக்கும், டிரம் 3 மில்லிக்கு மேல் தேய்ந்திருக்கும். ஒரு பக்கம் ஐந்தரை அங்குல ஸ்லாக், மறுபக்கம் ஆறு அங்குல ஸ்லாக் மாட்டிய வண்டியும் பார்த்திருக்கிறேன். கடையில் இருந்ததை எடுத்து மாட்டினார்களாம். ஒரு அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். எல்லாம் சரியாக இருந்தும் ஓட்டம் அதிகம் என்றால் ஸ்லாக்கையே மாற்றுங்கள். டிரைவரிடமிருந்து அந்த ஸ்பேனரை வாங்கி வைத்துவிடுங்கள்.

டிஸ்க் வண்டிக்காரர்கள் சிரிக்கவேண்டாம். பேடை அழுத்தும் உங்கள் காலிப்பரிலும் ஆட்டோ அட்ஜஸ்டர்தான். அதை முரட்டுத்தனமாகத் திருப்பி, ஸ்பேனர் மாட்டும் அடாப்டரை உடைத்தவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்கிறார்கள். டிஸ்க் வண்டியாக இருந்தால் பயமில்லைதானே? (தர்மபுரி)

மிச்சமே இல்லை. இப்போதைய காமன் ரெயில் இன்ஜினில் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கினால் டீசல் முழுக்க நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கும். கம்ப்ரசரும் ஐடிலில் மெதுவாகச் சுற்றும்; நீங்கள் மிதித்து மிதித்து ஏரைத் தீர்ப்பீர்கள்.

55 டன் வண்டி, நூறடிக்கு நாலடி இறங்கும் சரிவு, 40 கிலோமீட்டர் வேகம். அதே வேகத்தில் பிடித்துவைக்க சுமார் 200 கிலோவாட், அதாவது 270 குதிரைசக்தி அளவுக்குச் சூட்டை எங்காவது தள்ளவேண்டும். நியூட்ரலில் அத்தனையும் பிரேக்குக்கு. டிஸ்க் இதைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவுதான். 20 கிலோமீட்டரில் இறங்கினால் சூடு பாதி. இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, புகைவழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, வேகம் ஏறும்போது மட்டும் அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள்.

கேள்வி: இறங்கி முடித்ததும் டிரம்மில் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. அது வார்ப்பிரும்பு, வெடிக்கும். கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிக் காற்றில் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கைப் போட்டுத் தூங்கவும் போகாதீர்கள், கட்டை வையுங்கள்.

கேள்வி: டிரெய்லர் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் சாதனம்) விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பல்பைக் கழற்றிவிட்டேன். பிரச்சினை வருமா?

வந்துவிட்டது. விளக்குதான் இல்லை. கேபிள் பிளக்கையும் சென்சாரையும் பாருங்கள். மழை ரோட்டில் காலி டிரெய்லரின் சக்கரம் பூட்டி, வண்டி மடங்கும்.

கேள்வி: ஸ்பிரிங் சேம்பரை (ஹேண்ட் பிரேக்கைப் பிடிக்கும் சேம்பர்) நாங்களே பிரித்து டயாப்ரம் மாற்றலாமா?

ஸ்பிரிங் இருக்கும் பக்கத்தைத் தொடாதீர்கள். உள்ளே ஒரு டன் அளவு விசை அடைபட்டிருக்கிறது. முழுசாக மாற்றுங்கள். கழற்றும் முன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டும் கேஜிங் போல்ட், அதற்கும் முன் சக்கரத்துக்குக் கட்டை.

கேள்வி: கல்குவாரி டிப்பருக்கு டிஸ்க் நல்லதா? (பல்லாவரம்)

குவாரிக்குள் மட்டும் ஓடுகிறதென்றால் டிரம்மே போதும். வேகமில்லை, சேறும் கல்லும்தான் அதிகம். டிஸ்க்கில் காலிப்பர் நகரும் பின்களின் ரப்பர் கிழிந்தால் மண் போய்ப் பின் பிடித்துக்கொள்ளும். உள்பக்கப் பேட் காகிதமாகத் தேய்ந்தபின்தான் தெரியவரும். நெடுஞ்சாலையிலும் ஓடுமானால் டிஸ்க் வாங்குங்கள். டயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் காலிப்பரைக் கையால் அசைத்துப் பாருங்கள்: கொஞ்சம் நகரவேண்டும். ரோட்டார் மேல் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் பரவாயில்லை, ஓரம் வரை ஓடிய வெடிப்பு இருந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும். புது ரோட்டார் 45 மில்லி தடிமன் என்றால், பெரும்பாலும் 37-ல் கழித்துவிடவேண்டும். உங்கள் காலிப்பருக்கு என்ன அளவு என்று கம்பெனி கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.