கோடும் தளமும் சோறு போடுமா?

ஐயா, போன வாரம் மகளோடு புதுச்சேரி வந்து என் எதிரில் உட்கார்ந்ததுமே, "கோடு, தளம்னு எம்.எஸ்சி. கணக்குப் படிச்சா யாரு சார் வேலை குடுப்பா?" என்று கேட்டீர்கள். அவள் முகம் வாடியதைப் பார்த்து அன்று பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

கடலூரில் இத்தனை வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறீர்கள். கல்யாண மண்டபத்தில் கேமராவைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால் தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்குவது உங்களுக்குத் தெரியாததா? படத்தில் அவற்றை நீட்டிக்கொண்டே போனால் எல்லாம் ஒரே புள்ளியில் சேரும். மண்டபத்தில் அந்தப் புள்ளி முடிவிலியில் இருக்கிறது. அதையும் மற்றப் புள்ளிகளைப் போலவே கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் உங்கள் மகள் ஆசைப்படும் வீழ்ப்பு வடிவியல். விசிறி மட்டைபோல ஒரு புள்ளியிலிருந்து விரியும் கோடுகளும், இணைகோடுகளும் அங்கே ஒரே வகைக் குடும்பம்.

பிளஸ் டூவிலேயே இதன் வாசல் இருக்கிறது. இரண்டு தளங்கள் வெட்டும் கோட்டின் வழியே போகும் தளங்களுக்கு, ஒரு தளத்தின் சமன்பாட்டோடு மற்றதை லாம்டா என்ற ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிக் கூட்டுவார்கள். லாம்டாவுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் அந்த இரண்டாவது தளம் மட்டும் கிடைக்காது. இரண்டு சமன்பாட்டுக்கும் தனித்தனி எண் கொடுத்து விகிதத்தைப் பார்த்தால் எதுவும் விட்டுப்போகாது. இந்த ஓட்டையை உங்கள் மகள் தானே கண்டுபிடித்துச் சொன்னாள். அப்போதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சரி, வேலை. இரண்டு கேமராக்கள் ஒரே பொருளைப் பார்க்கின்றன. லென்ஸ் மையங்களை இணைக்கும் கோட்டை ஆல்பத்தின் முதுகாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து விரியும் பக்கங்கள்தான் தளங்களின் குடும்பம். மாப்பிள்ளையின் மூக்குநுனி ஏதோ ஒரு பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு படங்களையும் ஒவ்வொரு கோட்டில் வெட்டும். ஆகவே முதல் படத்தில் கண்ட மூக்குநுனியை இரண்டாவது படம் முழுக்கத் தேட வேண்டாம், அந்த ஒரு கோட்டில் தேடினால் போதும். ரோபோ இரண்டு கேமராக்களால் தூரம் அளப்பதும், ட்ரோன் படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்வதும் இந்தக் கணக்கைக்கொண்டுதான். துறையின் பெயர் கம்ப்யூட்டர் விஷன்.

ஆனால் 'வீழ்ப்பு வடிவியல் தெரிந்தவர் தேவை' என்று எந்த கம்பெனியும் விளம்பரம் கொடுக்காது. நேரியல் இயற்கணிதமும் (லீனியர் அல்ஜீப்ரா), பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் கையில் இருக்க வேண்டும். அவளுக்கு முதலாவது நன்றாக வருகிறது, பைத்தானை இன்னும் தொடவே இல்லை. அப்படியே எம்.எஸ்சி. முடித்தால் உங்கள் பயம் பலித்தாலும் பலிக்கும்.

ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு, பிப்ரவரியில் வரும். அதன் கணிதப் பாடத்திட்டத்தில் இந்த வடிவியல் இல்லை என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன். வெளியூர் அனுப்பத் தயக்கமென்றால் காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு சியுஇடி பிஜி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆசிரியர் வேலைக்கான பி.எட். எங்கும் ஓடிவிடாது. முதுகலை ஆசிரியராக வேண்டுமானாலும் எம்.எஸ்சி. தேவைதானே, அதை முடித்துவிட்டே சேரட்டும்.

அப்புறம் ஒன்று. ஓப்பன்சிவி என்ற இலவச மென்பொருளை வைத்து, இரண்டு கேமராக்களில் எடுத்த படங்களில், மூக்குநுனியைத் தேடச் சொன்னேனே, அந்தக் கோடுகளை வரைந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கடையில் சும்மா கிடக்கும் பழைய கேமராவைத் தொட விடமாட்டேன் என்கிறீர்களாமே. அதைக் கொஞ்ச நாள் அவளிடம் கொடுங்கள்.