மூட்டை தூக்காதவர்களில் ஒருவன் பேசுகிறேன்

தொண்டு நிறுவனம் தொடங்கிப் பத்து வருடமாகிறது, நிர்வாகக் குழுவுக்குப் புதிதாக வந்தவர்கள் வேலை எதுவும் செய்யாமல் கேள்வி மட்டும் கேட்கிறார்கள், எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படித்தான். அந்தக் கேள்வி கேட்கும் ஆசாமிகளில் நானும் ஒருவன் என்பதால் கொஞ்சம் சுருக்கென்றது.

நீங்கள் அநேகமாக ஆரம்பகால ஆள். அப்போது சம்பளத்துக்கு யாரும் இல்லை; குழுவினரே கணக்கு எழுதி, வண்டி ஓட்டி, நாற்காலியும் போட்டிருப்பீர்கள். முதல் சம்பள ஆள் வந்த அன்றே குழுவின் வேலை, தானே செய்வதிலிருந்து கண்காணிப்பதாக மாறிவிடுகிறது. அதை யாரும் குழுவிடம் சொல்வதில்லை.

கணக்கு தெரியும் என்று என்னைக் குழுவில் சேர்த்தார்கள். போனால், பொருளாளர் காசோலைப் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். அவசரத்துக்காம். அலுவலகக் கட்டடம் நிறுவனரின் மைத்துனருடையது. யாரும் ஒரு காசு எடுக்கவில்லை, வாடகையும் குறைவுதான். இதைச் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் என்னைப் பிடித்துக்கொள்வீர்கள். ஆனால் அந்த வாடகைத் தீர்மானத்தில் நிறுவனரும் வாக்களித்திருந்தார். சம்பந்தப்பட்டவர் விலகியிருந்து, அது மினிட்டில், அதாவது கூட்டக் குறிப்பில், பதிவாகியிருக்க வேண்டும் என்றேன்.

“நாங்க மூட்டை தூக்கினப்போ நீங்க எங்க சார் இருந்தீங்க?” என்றார் ஒரு மூத்த உறுப்பினர்.

அப்புறம் ஒரு பெரிய நன்கொடையாளர், பணம் தருமுன் முதலில் கேட்டதே அந்த மினிட் நகலைத்தான்.

இன்னும் வளர்ந்தால் பணம் திரட்டக்கூடிய பெரிய மனிதர்கள் வருவார்கள். குழு பெருத்துவிடும், முடிவெல்லாம் நாலு பேர் செயற்குழுவில் நடக்கும். 1990-லேயே கார்ல் மத்தியாசன் என்ற தொண்டு நிறுவன ஆலோசகர் இப்படி மூன்று கட்டங்களாகப் பிரித்து எழுதினார். எல்லாரும் மூன்றையும் கடந்தாக வேண்டும் என்றில்லை. சிறிதாகவே இருக்கும் அமைப்புக்கு உழைக்கும் குழுவே போதும்.

 

சரி, உங்கள் விஷயம். பதவிக்காலத்தைத் துணைவிதியில், அதாவது நிறுவனத்தின் உள்விதிகளில், எழுதுங்கள். மூன்று வருடம், தொடர்ந்து இரண்டு முறை என்பது பல இடங்களில் உள்ள ஏற்பாடு. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கினர் மாறினால் எல்லாரும் ஒரேயடியாகப் போகமாட்டார்கள். பழையவர்கள் மூட்டை தூக்க ஆசைப்பட்டால் தன்னார்வலராகத் தூக்கட்டும். ஆனால் அந்த வேலையில் மேலாளர் சொல்வதைத்தான் அவர்கள் கேட்க வேண்டும்.